பொக்கற்றில் கிடந்த வெறுங்கோது

நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே ஜன்னலால் பார்த்தால் ஆட்களின் முகம் தெரியாது, சப்பாத்துத்தான் தெரியும். நானும் உங்களைப்போலச் சப்பாத்தை வைத்தே ஆளை அடையாளம் பிடித்தவள். கறுப்பு ரப்பர் பூட்ஸ் என்றால் மேல்வீட்டுக் கிழவர், எங்கள் வீட்டுக்காரர். குதி தேய்ந்த வெள்ளைச் சப்பாத்து என்றால் பக்கத்து வீட்டுப் பேஸ்மென்றில் இருந்த அன்ரி. முன்பக்கம் வெடித்துக் கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தால் அது அப்பா.

அப்பா போய் இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது நானும் அம்மாவும்தான். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதை வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் வேறு கதைக்கு மாறிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். இதில் பிழை செய்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் கனடாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் ஒரு வீட்டின் கீழே இருந்தோம். அகதிக் கேஸ் விசாரணை கார்த்திகையில் வரும் என்று லோயர் சொல்லியிருந்தார். அந்த ஹியரிங் முடியும்வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பயம். ரெலிபோன் அடித்தால் பயம், கதவு தட்டினால் பயம், தபாலில் மண்ணிறக் கவர் வந்தால் பயம். வாசலில் நின்று தமிழில் சத்தமாகக் கதைக்கக்கூடாது என்று அம்மா சொல்லுவா. ஆர் எங்கே கேட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று தெரியாதாம்.

அப்பா ஊரில் லேத் மெசினில் வேலை செய்தவர். இங்கே ஒரு ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த பொருட்களில் ஒன்று ஒரு வேர்னியர், தடிப்பம் அளக்கிற இரும்புக் கருவி. உடுப்புக்குக்கூட இடமில்லாத பையில் அதை ஒரு காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வேலையில்லாத நேரங்களில் சும்மா இருந்து கரண்டிக் காம்பையும் பென்சிலையும் என் விரலையும் அளப்பார். "உன்ரை சின்னி விரல் பத்து மில்லிமீற்றர் இல்லை, பிள்ளை. ஒன்பது தசம் நாலு" என்பார்.

அந்தப் புரட்டாதியில் அப்பா சனிக்கிழமைக் காலைகளில் காணாமல் போகத் தொடங்கினார். கேட்டால், மேல்வீட்டுக் கிழவரின் ஸ்னோ புளோவரை, பனி தள்ளுகிற மெசினை, திருத்திக் கொடுக்கிறேன் என்றார். மத்தியானம் திரும்பி வருவார், முகம் வெளித்திருக்கும். கையில் ஒரு மணம் இருக்கும்.

"இஞ்சரப்பா, உங்கடை கையிலை என்ன மணம்?"

"ஸ்னோ புளோவர் எண்ணெய்."

"எண்ணெய் மணம் எனக்குத் தெரியாதே? உது கிறீம்."

அப்பா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அம்மா அந்தத் துவாயை எடுத்து மணந்து பார்த்தா. நானும் மணந்தேன். மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த மாதிரி ஒரு மணம். அன்று பின்னேரம் பக்கத்து அன்ரி வந்தபோது அம்மா துவாயை அவவிடமும் நீட்டினா.

"பொம்பிளையள் முகத்துக்குப் பூசிறது மாதிரிக் கிடக்கு," என்றா அன்ரி. "கிழவருக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கோ?"

"ஒருத்தருமில்லை. மனிசியும் செத்துப் போச்சாம்."

"அப்ப கிழவர்தான் பூசிறார்போலை." இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அன்ரி சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுசரி, சினோ கொட்ட இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இப்பவே ஏன் சினோ மெசினைத் திருத்தினம்?" என்று கேட்டா. அம்மா துவாயைத் திரும்பவும் மணந்து பார்த்தா.

அடுத்த கிழமை டிரையர்தான் அதற்கு மறுமொழி சொல்லியது. எங்கள் குசினிக்குப் பக்கத்தில்தான் உடுப்புத் தோய்க்கிற மெசினும் காய வைக்கிற மெசினும் நின்றன. உடுப்புச் சுழலும்போது உள்ளே ஏதோ இடிபட்டது. டக். டக். டக். சில்லறைக் காசாக்கும் என்று அம்மா மெசினை நிறுத்திவிட்டுக் கையை விட்டுத் தேடினா. எடுத்ததைப் பார்த்ததும் பொத்திக்கொண்டா. அப்படியே சீமெந்து நிலத்தில் இருந்துவிட்டா. நான் அவவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். பித்தளையில் ஒரு துப்பாக்கி ரவைக் கோது. சுட்டு முடிந்த வெறுங்கோது. நீளம் அம்மாவின் மோதிரவிரல் அளவு. டிரையர் சூட்டில் சுடச்சுட இருந்தது.

அதை எனக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரில் ஹெலிகொப்ரர் சுட்டுக்கொண்டு போனால் கோதுகள் எங்கள் ஓட்டில் விழுந்து மணி அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். நான் அவற்றைப் பொறுக்கிப் பால்மா ரின்னுக்குள் போட்டுவைத்துக் கடை விளையாடினேன். பெரிய கோது அரிசி, சின்னக் கோது சீனி. எனக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடியபோது கட்டிலுக்குக் கீழே அந்த ரின்னைக் கண்டுபிடித்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போதுதான் சாப்பிட இருந்தவர். ஒருத்தன் ரின்னை அவருக்கு முன்னால் கவிழ்த்துக் கொட்டி ஆருடையது என்று கேட்டான். மாமா என்னைப் பார்த்தார். பிறகு "என்ரைதான்" என்றார். கை கழுவக்கூட விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அந்த ரின்னைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

அம்மா அந்தக் கோதை அப்பாவிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன மறுமொழி வருமோ என்ற பயம் என்று இப்போது நினைக்கிறேன். கோதை ஒரு பேப்பர் ரவலில் சுற்றிக் குப்பையில் அடியில் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"வாற சனிக்கிழமை நீயும் அப்பாவோடை போ. என்ன செய்யினம் எண்டு வடிவாப் பாத்துக்கொண்டு வந்து சொல்லு. நான் அனுப்பினது எண்டு சொல்லாதை."

நானும் வருகிறேன் என்றபோது அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு படியில் வைத்துக் குனிந்து, "பார்த்ததை அம்மாவுக்குச் சொல்லக்கூடாது. அவ பயப்பிடுவா" என்றார். நான் அவருக்கும் தலையாட்டினேன்.

கிழவரின் கராஜுக்குள் கார் இல்லை. ஒரு நீட்டு மேசை, அதன் விளிம்பில் திருகாணி பூட்டி இறுக்கிய ஓர் இரும்பு இயந்திரம், அதற்குப் பக்கவாட்டில் கையளவு தடிப்பில் ஒரு நெம்பு. கிழவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி வளைந்திருந்தது. அந்த நெம்பை அவரால் இழுக்க முடியாது. அதற்குத்தான் அப்பா. ஒரு நாள் பின்வளவில் அப்பா வேர்னியரை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்டுதான் கிழவர் கூட்டிக்கொண்டு போனாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த இங்கிலிஷ் கொஞ்சம்தான். மிச்சத்தைக் கையாலும் அளவாலும் கதைத்தார்கள்.

என்னைக் கண்டதும் கிழவர் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு எனக்கும் ஒரு வேலை தந்தார். மெழுகு பூசிய ஒரு பஞ்சு மெத்தையில் கோதை வைத்து உள்ளங்கையால் உருட்ட வேண்டும். ரொட்டிக்கு மா உருட்டுகிற மாதிரி. அம்மா தேடிய கிறீம் மணம் அந்த மெத்தையில்தான் இருந்தது. நான் உருட்டிக் கொடுப்பதை அப்பா இயந்திரத்தில் வைத்து நெம்பை இழுப்பார். கோது மேலே ஓர் உருக்குக் குழலுக்குள் புகுந்து நெரிபட்டு இறங்கும். அதன் அடியில் இருந்த எரிந்துபோன சின்ன மூடி கழன்று போத்தலுக்குள் 'டிக்' என்று விழும். அப்பா கோதைத் துணியால் துடைத்து வேர்னியரை வைத்துப் பார்ப்பார். சரியென்றால் கிழவர் பெருவிரலை உயர்த்துவார். துளை துளையாகக் குடைந்த ஒரு பலகையில் அதைக் குத்தி நிறுத்துவார்கள்.

"ஏனப்பா உதை நெரிக்கிறியள்?"

"வெடிச்சவுடனை கோது வீங்கிப்போகும், பிள்ளை. துவக்குக்குள்ளை எவ்வளவு இடம் கிடக்கோ அவ்வளவுக்கு வீங்கும். பிறகு திரும்பப் போடேக்கை இறுகும். இந்த அச்சுக்குள்ளை குடுத்தெடுத்தால் பழைய அளவுக்கு வந்திடும். வெடிமருந்தும் குண்டும் அவர் பிறகு தானே போடுவார். எங்களுக்கு அந்த வேலை இல்லை."

"ஆரைச் சுடவாம்?"

அப்பா சிரித்தார். "மூஸ் எண்டொரு மிருகம். எருமை மாதிரி, கொம்பு மட்டும் மரக்கொப்பு மாதிரி."

கிழவர் ஒரு படத்தையும் காட்டினார். அதில் அவரும் அவருடைய அண்ணனும் ஒரு பெரிய மிருகத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். அண்ணன் செத்துவிட்டார். துவக்கு அண்ணனுடையது. வருடத்தில் ஒரு தடவை அதைக் கொண்டு வடக்கே காட்டுக்குப் போவாராம். அந்த அளவு ரவை இப்போது கடைகளில் வருவதில்லையாம். அண்ணனும் தம்பியும் சுட்டுச் சுட்டுப் பொறுக்கிய கோதுகளைத்தான் ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப அளவுக்குக் கொண்டுவருகிறாராம். அப்பா இதையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் நம்பவில்லை. அப்படி ஒரு மிருகமே இல்லை, பிள்ளை என்றபடியால் பேய்க்காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மாட்டைச் சுடுவதற்கு ஆராவது இவ்வளவு கவனமாக அளப்பார்களா?

யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு கோதுக்கு மெழுகு பூசாமல் கொடுத்துவிட்டேன். அது குழலுக்குள் இறுகிவிட்டது. அப்பா நெம்பை மேலே தள்ள, கோதின் அடி விளிம்பு பிய்ந்துகொண்டு வந்தது. மிச்சம் உள்ளேயே நின்றது. கிழவர் ஏதோ தூசணம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்தினார். அதைத் துளைத்து வெளியே எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அப்பாவின் நெற்றியெல்லாம் வேர்வை. ஆனால் அவரை அவ்வளவு சந்தோசமாக நான் அந்த வருடம் முழுவதும் கண்டதில்லை. கிழவர் அவரை "மாஸ்ரர்" என்று கூப்பிட்டார். ரெஸ்ரோறன்றில் அவரை ஒருவரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

அன்றைக்கு நான் கண்டது அப்பாவின் சந்தோசத்தை. அம்மாவிடம் வந்து சொன்னது கோதுகளை. நெம்பையும் சொன்னேன், பலகையைச் சொன்னேன், மருந்து பிறகு போடுவார் என்றதையும் சொன்னேன். மூஸைச் சொல்லவில்லை. அது பொய் என்று நானே முடிவெடுத்திருந்தேன்.

அம்மா அதை அன்ரியிடம் கொண்டுபோனா. இரண்டு பேரும் குசினியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கதைத்தார்கள். நான் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"ஊர் இயக்கப் பெடியளுக்குக் குடுக்கிறாரோ?" என்று கேட்டா அன்ரி.

"சீ. அவர் அப்பிடியான ஆளில்லை, அக்கா."

"ஆர்தான் முதல் அப்பிடியான ஆள்? அது கிடக்கட்டும். கிழவர் ஆர் எண்டு உமக்குத் தெரியுமோ? பொலிசிலை இருந்த ஆளோ ஆர் கண்டது. உவையள் சிரிச்சுச் சிரிச்சுத்தான் பாத்துக்கொண்டிருப்பினம். ஹியரிங் அண்டைக்கு ஒருத்தன் வந்து உந்தக் கோது ஒண்டை மேசையிலை வைச்சான் எண்டால் என்ன சொல்லுவீர்?"

அம்மா குழாயைப் பூட்டினா. "தம்பியைக் கொண்டுபோன மாதிரி இவரையும் கொண்டுபோகப் போறாங்கள்," என்றா. மெதுவாகத்தான் சொன்னா. ஆனால் நான் நின்ற இடத்துக்கு அது கேட்டது.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு நாளும் அப்பாவின் பொக்கற்றைத் துளாவினா. சப்பாத்துக்குள் கைவிட்டுப் பார்த்தா. தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தா. நான் கிழவரின் ரப்பர் பூட்ஸைக் கண்டால் ஜன்னலை விட்டு விலகி நின்றேன். அப்பா என்னிடம் மெல்லக் கண்ணடிப்பார். அதுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது கராஜின் பக்கக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அந்த நேரத்தில் கிழவர் மேலே படுத்திருப்பார். எனக்கு அப்போது பயம் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று வடிவாகத் தெரிந்திருந்தது. ஊரில் அந்த ரின்னை நான் கிணற்றுக்குள் போட்டிருந்தால் மாமா இருந்திருப்பார். இந்தமுறை பிந்தக்கூடாது. பலகையிலிருந்த கோதுகளையும் பெட்டியிலிருந்த கோதுகளையும் புத்தகப் பைக்குள் அள்ளிப் போட்டேன். நடக்க நடக்கப் பைக்குள் கிலுகிலு என்று சத்தம் கேட்டது. அதை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வீதியின் முடிவில் இருந்த பள்ளத்துக்குள் இறங்கினேன். அங்கே ஓர் ஓடை. மேப்பிள் இலைகள் சறுக்கின. தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் இறங்கி நின்று கை கையாக வீசினேன். ஒவ்வொரு பிடியும் வெயிலில் ஒருதரம் மின்னிவிட்டு விழுந்தது.

வீட்டுக்கு ஓடி வரும்போது எனக்கு இருந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல. நான் அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன்.

ஈரச் சப்பாத்தைச் சூடு வருகிற கிறிலுக்கு மேல் வைத்துவிட்டுப் படம் கீறிக்கொண்டிருந்தேன். அம்மா வேலையால் வந்து சப்பாத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. என் பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தபோது அதற்குக் கீழே ஒரு கோது கிடந்தது. நான் அடி விழும் என்று கண்ணை மூடினேன். அம்மா அடிக்கவில்லை. சப்பாத்தைக் கொண்டுபோய்க் குழாயின் கீழே பிடித்துச் சேறு போகக் கழுவினா. அடியை ஒரு பழைய பிரஷ்ஷால் உரஞ்சிக்கொண்டே இருந்தா.

சனிக்கிழமை அப்பா வெளிக்கிட்டுப் போய் அஞ்சு நிமிடத்தில் திரும்பி வந்தார். படியில் அவருடைய சப்பாத்து ஒவ்வொன்றாக இறங்கியது. வந்து கதிரையில் இருந்தார்.

"கராஜுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்," என்றார். "கோதெல்லாம் காணாமல் போட்டுதாம். என்னைத்தான் கேட்டார். நீ எடுத்தியோ எண்டு கேட்கேல்லை. நீ கண்டியோ எண்டு கேட்டார்." பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "இஞ்சரும், நீர் எடுத்தனீரோ?"

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் ஞாபகம். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ஓம். நான்தான் எறிஞ்சனான்."

"எங்கை?"

"ஓடைக்குள்ளை."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பியளோ? சினோ மெசின் எண்டுதானே சொன்னனீங்கள்."

அப்பா எழும்பிப் போனார். அன்றைக்கு முழுவதும் ஓடைக்குள் நின்று தேடினார். உதடு நீலமாக வந்தார். அகப்பட்டது மூன்று கோது. அவற்றைத் துடைத்துக் கிழவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் மனைவி பயந்துவிட்டா என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னாராம். வெறுங்கோதுக்கு ஏன் பயம் என்று கிழவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்துகிற அளவுக்கு அப்பாவிடம் சொற்கள் இல்லை. அந்த வருடம் கிழவர் அண்ணனின் துவக்கைக் கொண்டு காட்டுக்குப் போகவில்லை.

கார்த்திகையில் ஹியரிங் நடந்தது. ஒருத்தரும் ஒரு கோதையும் மேசையில் வைக்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் திகதிகள். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் மோர்னிங்சைட் பக்கம் ஒரு அப்பார்ட்மென்றுக்கு மாறினோம். போகிற அன்று அப்பா வேர்னியரைக் காலுறையோடு கொண்டுபோய்க் கிழவரின் வாசல் கைபிடியில் கொழுவிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வேறொரு வேர்னியர் வாங்கவில்லை. என் விரலையும் அளக்கவில்லை.

கோது கேட்ட அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் வந்தது. வேலையால் வந்து கால்சட்டையைக் கழற்றினால், கூடைக்குள் போடமுன் இரண்டு பொக்கற்றையும் வெளியே இழுத்துவிடுவார். முதல்முறை அம்மாவுக்கு முன்னால் நின்று, "இனி நீர் தேட வேண்டாம்" என்று சொல்லிச் செய்தார். பிறகு சொல்லாமலே செய்தார். கோபமாகச் செய்யவில்லை. பல்லுத் தீட்டுகிற மாதிரிச் செய்தார். அன்ரி எங்களைப் பார்க்க வந்தால், "கொப்பர் யானைக்காது விட்டிட்டுப் போட்டார்" என்று கூடையைக் காட்டிச் சிரிப்பா. நானும் சிரித்திருக்கிறேன். அப்பா ஒழுங்கான ஆள் என்று மற்றவர்களுக்குச் சொல்லியுமிருக்கிறேன். அதற்குப் பிறகு அப்பா இருந்த பதினாறு வருடத்தில் ஒருநாள், ஒரு நிமிடம், "அப்பா, அது அம்மா இல்லை, நான்" என்று சொல்லியிருக்கலாம். காரில் இருந்திருக்கிறோம், ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறோம். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அந்தியேட்டிக்கு அடுத்தநாள்தான் ஆஸ்பத்திரியில் தந்த பிளாஸ்ரிக் பையைப் பிரித்தோம். நெஞ்சுக்குள் நோகிறது என்று அம்புலன்ஸில் ஏறினபோது அவர் போட்டிருந்த உடுப்பு. அம்மா சேர்ட்டை எடுத்து என்னிடம் தந்தா. கால்சட்டையை எடுத்தா. இரண்டு பொக்கற்றும் வெளியே இழுத்துவிட்டபடி இருந்தன. அந்த நோவுக்குள், ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றுகிற நேரத்தில், அதைச் செய்திருக்கிறார்.

"அம்மா, ஏன் நீங்கள் எடுத்தது எண்டு சொன்னனீங்கள்?"

பதினாறு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். எதைப் பற்றி என்று அம்மா கேட்கவில்லை.

"உனக்கு ஒன்பது வயசு," என்றா. "தம்பி என்ன சொன்னவனோ, அதைத்தான் நானும் சொன்னன்."

"அப்பாவுக்குப் பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்."

அவ்வளவுதான் சொன்னா. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிறகு அம்மா கால்சட்டையை மடியில் வைத்து, ஒரு பொக்கற்றைத் தன் விரல்களால் உள்ளே தள்ளிவிட்டா. கை அடிவரைக்கும் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. மற்றதை என் பக்கம் திருப்பினா. நான் அதை உள்ளே தள்ளினேன்.